கல்லூரி வானொலியில் உள்ளூர் நேரடி இசைக்கு ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது, எப்படி நடத்தலாம்?

நிலா_மைக் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் கல்லூரி வானொலியில் (இணையத்தில் மட்டும்தான், எஃப்எம் கிடையாது) வெள்ளிக்கிழமை மாலை தமிழுக்கென்று இரண்டு மணி நேரம் இருக்கிறது. இதுவரை அதில் ஓடியதெல்லாம் சினிமாப் பாட்டு, நடுவில் பரீட்சைக்கு வாழ்த்து, அப்புறம் எந்த மன்றம் எப்போது என்ன நிகழ்ச்சி நடத்துகிறது என்கிற அறிவிப்பு. அடுத்த பருவத்திலிருந்து அதில் ஒரு மணி நேரத்தை முழுக்க உள்ளூர் நேரடி இசைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பொறுப்பாசிரியர் சரி என்றார், ஆனால் உடனே ஒரு கேள்வியும் கேட்டார்: வாரா வாரம் நிரப்புகிற அளவுக்கு இங்கே தமிழில் நேரடி இசை நடக்கிறதா?

நடக்கிறது என்றுதான் நான் சொன்னேன். நவம்பரில் எஸ்பிளனேடு கலையரங்கில் கலா உத்சவம் என்கிற இந்தியக் கலை விழா, ஏப்ரலில் தமிழ் மொழி விழா, கோயில் திருவிழாக்கள், சமூக மன்றத்துத் தீபாவளி இரவு, பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்கள் போடுகிற மேடை, இது போக சின்னச் சின்னக் குழுக்கள் அங்கங்கே வாசிக்கிற மாலைகள். ஆனால் போன சனிக்கிழமை நடந்த ஒரு கச்சேரியைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ளலாம் என்று தேடினால் கிடைப்பது நிகழ்ச்சிக்கு முந்தைய சுவரொட்டி மட்டும்தான். யார் பாடினார்கள், யார் மிருதங்கம், எந்தப் பாட்டைப் புதிதாகப் போட்டார்கள், கூட்டம் எப்படி இருந்தது, எதுவும் இல்லை. நிகழ்ச்சி முடிந்த அன்றே அதன் சுவடும் முடிந்துபோகிறது. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அதனால்தான் இந்த மணி நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

எங்களிடம் இருப்பது கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, பழைய மடிக்கணினி, ஆர்வமுள்ள நான்கு பேர். எதைப் பதிவு செய்வது, எப்படிச் செய்வது, சினிமாப் பாட்டை மேடையில் பாடினால் அதை ஒலிபரப்பலாமா, ஒரு குழு சரியாக வாசிக்கவில்லை என்றால் அதைச் சொல்லலாமா கூடாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அண்ணன்மாரே, அக்காமாரே.

---

பழைய_அறிவிப்பாளர் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்தப் பொறுப்பாசிரியருக்கு நன்றி சொல்லிவிடு, கேள்வி கேட்டாலும் சரி என்று சொன்னாரே. நானும் படிக்கிற காலத்தில் கல்லூரி வானொலியில் இருந்தவள்தான், இப்போது வேறு வேலை, ஆனால் காது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வாரா வாரம் நிரப்ப முடியுமா என்று கேட்கிறவர்கள் மேடை நிகழ்ச்சிகளை மட்டும் எண்ணுகிறார்கள். மேடைக்குப் பின்னால் ஒத்திகை இருக்கிறது, பாட்டு வகுப்பு இருக்கிறது, சிஃபாஸ் (சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம்) 1949லிருந்து இங்கே கர்நாடக இசையும் நடனமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது, அப்படிப்பட்ட இடங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் உன் கல்லூரியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை விசாரித்துப் பார். வயலினைப் பையில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டுப் பொறியியல் படிக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவரை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னாலே அந்த வாரம் நிறைந்துவிடும். மேடை இல்லாத வாரத்தில் ஸ்டூடியோவே மேடை.

அமெரிக்காவில் சியாட்டலில் கேஇஎக்ஸ்பி என்று ஒரு நிலையம், இன்றைக்கு அவர்களுடைய ஸ்டூடியோ நேரலைகளை உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். அது 1972ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் வெறும் 10 வாட்டில் தொடங்கிய கேசிஎம்யு. பெரிய கருவி இருந்ததால் வளரவில்லை, ஊர்க் குழுக்களின் பாட்டை வேறு யாரும் போடாத நேரத்தில் போட்டார்கள், அதனால் வளர்ந்தது. இங்கே ஆங்கிலத்தில் லஷ் 99.5 என்கிற வானொலி கொஞ்ச காலம் உள்ளூர்க் குழுக்களுக்கு அப்படி இடம் கொடுத்தது, 2017ல் அதை மூடினார்கள். நம் தமிழுக்கு ஒலி 96.8 வானொலி இருக்கிறது, ஆனால் நாடு முழுக்கக் கேட்கிற ஒரே நிலையம் எல்லாருக்குமான பாட்டைத்தான் அதிகம் போட முடியும். ஒரு சமூக மன்ற மாடியில் நாற்பது பேர் கேட்ட கச்சேரிக்கு நீ போகலாம். உன்னைப் போன்ற நிலையத்துக்குத்தான் அது முடியும்.

ஒவ்வொரு நிகழ்ச்சியிலிருந்தும் ஒரு முழுப் பாட்டு எடுத்து வா. இரண்டு வரி போட்டு மங்கவிடுகிற துண்டு வேண்டாம், முழுசாக. அப்புறம் மேடையை விட்டு இறங்கிய கையோடு வியர்வை காயும் முன் ஒரு நிமிடப் பேச்சு. மறுநாள் தொலைபேசியில் பேசினால் எல்லாரும் ஒரே மாதிரி "ரசிகர்களுக்கு நன்றி" என்றுதான் சொல்வார்கள், இறங்கிய உடனே கேட்டால்தான் "அந்த இரண்டாவது பாட்டில் சுருதிப் பெட்டி நின்றுபோச்சு, நான் கண்ணை மூடிக்கிட்டுப் பாடிட்டேன்" என்று உண்மை வரும்.

கடைசியாக, பெயர்கள். இதில்தான் நான் பிடிவாதக்காரி. முன்னால் நின்று பாடியவரின் பெயரைச் சொல்லிவிட்டு "குழுவினர்" என்று முடிக்கிறார்களே, அதைச் செய்யாதே. நிகழ்ச்சி தொடங்கும் முன்பே போய் மேடையில் ஏறும் ஒவ்வொருவரையும் மைக்கில் தங்கள் பெயரையும் கருவியையும் தாங்களே சொல்லச் சொல். உச்சரிப்பு தப்பாது, தம்பூரா பிடிக்கிற பெண்ணும் விட்டுப்போக மாட்டாள். இது மரியாதைக்கு மட்டும் இல்லை, 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தில் படைப்பாளிக்கும் மேடையில் வாசிப்பவருக்கும் தங்கள் பெயர் சொல்லப்பட வேண்டும் என்கிற உரிமையே இருக்கிறது.

---

கேபிள்_சுத்துறவர் எழுதியது:

நான் மேடை ஒலி வேலை செய்கிறவன், அதை மட்டும் சொல்கிறேன்.

மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்து நேராக ஒரு கம்பி இழுத்துப் பதிவு செய்தால் போதும் என்று எல்லா மாணவர்களும் வருகிறார்கள். போதாது. சின்ன அரங்கில் டிரம்சும் கிட்டார் ஆம்ப்பும் தவிலும் தாமாகவே சத்தம், அவற்றை மிக்சரில் நாங்கள் கொஞ்சமாகத்தான் ஏற்றுவோம், சில நேரம் மைக்கே வைக்க மாட்டோம். ஆகவே மிக்சரிலிருந்து உனக்கு வருவது குரலும் கீபோர்டும் மட்டும் தூக்கலாக, மற்றதெல்லாம் அடுத்த அறையில் வாசிக்கிற மாதிரி இருக்கும். மாறாகக் கருவியில் உள்ள மைக்கை மட்டும் நம்பினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்டியின் பேச்சு பாட்டை விடத் தெளிவாக விழும். இரண்டையும் எடு. கருவியை ஒரு ஸ்டாண்டில், தலைகளுக்கு மேலே, அரங்கின் முன் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நடுவாக வை. மிக்சர் ஒலியைத் தனியாக இன்னொரு தடத்தில் வாங்கு.

பிறகு இரண்டையும் கணினியில் ஒட்டும்போது ஒன்று முந்தி ஒன்று பிந்தி இருக்கும். ஒலி ஒரு மீட்டர் நடக்க ஏறக்குறைய 3 மில்லி வினாடி ஆகும், 15 மீட்டர் தள்ளி வைத்தால் 44 மில்லி வினாடி தாமதம், காதுக்கு அது எதிரொலியாகத் தெரியும். தொடக்கத்தில் மேடை மைக் முன்னால் யாரையாவது ஒரு தடவை ஓங்கிக் கை தட்டச் சொல், அந்தத் தட்டல் இரண்டு தடத்திலும் கூர்மையாகத் தெரியும், இழுத்து ஒன்றாக வைத்துவிடலாம்.

தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியைக் கண்டிப்பாக அணைத்துவிடு. அது இருந்தால் தவில் ஓர் அடி விழும்போதெல்லாம் பாடகர் குரல் அமுங்கி அமுங்கி எழும், அப்படிப் பதிவானதைப் பிறகு யாராலும் சரி செய்ய முடியாது. பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி ஒத்திகையிலேயே பார்த்து வைத்துக்கொண்டு பிறகு கை வைக்காதே. மிக்சரில் சொருகியதும் 'ம்ம்' என்று இரைந்தால் கருவியைச் சுவர் மின்சாரத்திலிருந்து எடுத்துப் பேட்டரிக்கு மாற்று, பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் ஒலிக்காரரிடம் டிஐ பாக்ஸ் கேள், இரைச்சலைத் தடுக்க நடுவில் சொருகுகிற சின்னப் பெட்டி அது.

ஒலிக்காரரிடம் எப்போது பேசுவது என்பதும் முக்கியம். ஒத்திகைக்கு வா, அப்போது கேள். நிகழ்ச்சி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கம்பியை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறவர்களுக்கு நான் முடியாது என்றுதான் சொல்வேன், என் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் சொல்வார்கள். அரங்க நிர்வாகத்தின் அனுமதி, வாசிப்பவர்களின் சம்மதம், இரண்டும் எழுத்தில் கையில் இருக்கட்டும். இலவச நிகழ்ச்சி என்பதால் பதிவு செய்யலாம் என்று அர்த்தம் இல்லை.

---

உறுமி_தோழன் எழுதியது:

நல்ல விஷயம் தங்கச்சி. ஆனால் நீ எழுதிய பட்டியலில் ஒன்று இல்லையே. உறுமி மேளம்.

இந்த ஊரில் தமிழ்ப் பையன்கள் தாமாகச் சேர்ந்து, தாமாகக் காசு போட்டு, வேலை முடிந்து வந்து அடித்துப் பழகுகிற இசை இதுதான். எங்கள் குழுவில் லாரி ஓட்டுகிறவரும் இருக்கிறார், தாதியாக வேலை பார்க்கிறவரும் இருக்கிறார், இன்னும் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற தம்பிகளும் இருக்கிறார்கள். தைப்பூச ஊர்வலத்தில் 1973லிருந்து இசைக்கருவி கூடாது என்றிருந்தது. 2016ல்தான் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்கும் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கும் நடுவே ஹேஸ்டிங்ஸ் ரோடு, ஷார்ட் ஸ்திரீட், டோபி காட் கிரீன் என்று மூன்று இடத்தில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது, அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்தது அது. அந்த முதல் வருடம் அங்கே யார் யார் வாசித்தார்கள், என்ன அடி அடித்தார்கள் என்று உட்கார்ந்து கேட்க ஒரு நல்ல பதிவு எங்களிடம் இல்லை. தொலைபேசியில் எடுத்த காணொளிகள் இருக்கின்றன, ஆனால் அதில் உறுமி உறுமியாகவே கேட்காது.

ஏன் என்று சொல்கிறேன், நீ பதிவு செய்ய வரும்போது உதவும். உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றைக் குச்சியால் அடிப்போம், இன்னொன்றை வளைந்த குச்சியால் தேய்ப்போம். அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றிலிருந்து வருகிற அந்த முனகல் இருக்கிறது, அதுதான் உயிர். தொலைபேசி அந்தக் கீழ்ச்சுருதியைப் பிடிக்காது, அடிக்கிற பக்கத்துச் சத்தத்தில் திணறிவிடும். மைக்கைத் தேய்க்கிற முகத்தின் பக்கம் சாய்த்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பார்.

இன்னொன்று மனதில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஒலிபரப்பில், பெயர் வேண்டாம், எங்களைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். நாங்கள் வீட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டோம். எங்கள் மேளத்தைப் பின்னணியில் மெதுவாக ஓடவிட்டு இரண்டு பேர் தீபாவளி ஷாப்பிங் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குழுவின் பெயரும் வரவில்லை. என் அம்மா "இதில் நீ எங்கேப்பா இருக்கே?" என்று கேட்டார். நீ அப்படிச் செய்யாதே. எங்களைப் போட்டால் வாயை மூடிக்கொண்டு போடு. முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல், இந்த இடத்தில் நடை மாறும், இந்த இடத்தில் பம்பை நுழையும் என்று ஒரு வரி சொல்லிக்கொடு, அப்புறம் முழுசாக ஓடட்டும். வார்த்தை இல்லாத இசை என்பதால் அதன் மேல் பேசலாம் என்று ஆகிவிடாது.

---

பாஸ்_நரம்பு எழுதியது:

கேள்வியில் இருந்த ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை, சரியாக வாசிக்கவில்லை என்றால் சொல்லலாமா என்பது. சொல்ல வேண்டும்.

நான் சொந்தப் பாட்டு போடுகிற ஒரு தமிழ்க் குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்களைப் பற்றி இதுவரை யார் பேசினாலும் "அருமை", "அசத்தல்", "உள்ளூர்த் திறமைக்குக் கை கொடுப்போம்", இவ்வளவுதான். அன்பு இருக்கிறது, நன்றி. ஆனால் கேட்டார்களா என்று தெரியவில்லை. நான்காவது பாட்டின் நடுவில் தாளத்தை ஐந்துக்கு மாற்றியிருந்தோம், அதற்காகவே வாரக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டோம், அது வேலை செய்ததா இல்லையா என்று ஒரு ஆள் சொல்லவில்லை. "அந்த மாற்றத்தில் எனக்குக் காலே தட்டவில்லை, வயலின் எங்கே என்று தேடினேன்" என்று யாராவது ஒலிபரப்பில் சொல்லியிருந்தால் அந்த இரவு எங்களுக்குத் தூக்கம் போயிருக்கும், அடுத்த மேடையில் பாட்டு நன்றாக ஆகியிருக்கும்.

நம் சமூகம் சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரர்கள் அல்லது டியூஷன் ஆசிரியர்கள், அதனால் யாரும் வாய் திறப்பதில்லை என்பது எனக்கும் புரிகிறது. என் யோசனை இதுதான்: காதில் கேட்டதை மட்டும் சொல், ஆளைப் பற்றிச் சொல்லாதே. ஒலிபரப்பில் சொல்லப்போவதை அன்றைக்கே அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடு. பள்ளிப் பிள்ளைகளும் முதல் முறை மேடை ஏறுகிறவர்களும் இதில் சேர்த்தி இல்லை, அவர்களை விட்டுவிடு. மற்றவர்கள் டிக்கெட் விற்றுத்தான் மேடை ஏறுகிறோம், தாங்கிக்கொள்வோம்.

இன்னொன்று, உள்ளூர் இசை என்று பெயர் வைத்துவிட்டு ஒரு மணி நேரமும் மேடையில் பாடிய சினிமாப் பாட்டாகவே போட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். இங்கே எஸ்பிளனேடில் பேபீட்ஸ் என்கிற இசை விழா 2002லிருந்து நடக்கிறது, வளரும் குழுக்களுக்குத் தேர்வு வைத்துப் பயிற்சி கொடுத்து மேடையும் தருகிறார்கள், அங்கே போனால் சொந்தப் பாட்டோடுதான் போக வேண்டும். ருத்ரா 1992ல் இந்த ஊரில் தொடங்கிய மெட்டல் குழு, சமஸ்கிருத சுலோகங்களை வைத்துக் கொண்டு தமக்கென்று ஒரு வகையையே உண்டாக்கி உலகம் சுற்றினார்கள். அடுத்தவர் மெட்டைப் பாடிக்கொண்டு அங்கே போகவில்லை.

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் என்கிற கலை மையம் 1990லிருந்து இருந்தது, 2021ல் அந்தக் கட்டடத்தை விட்டுப் போனார்கள். அந்த அறையில் எத்தனை குழுக்கள் முதல் முறை வாசித்திருக்கும்! யாராவது ஒருவர் பதிவு செய்து வைத்திருந்த இரவுகள் மட்டும் இன்றைக்கும் கேட்கக் கிடைக்கின்றன.

---

உறுமி_தோழன் எழுதியது:

பாஸ் தம்பி, விமர்சனம் பற்றிச் சொன்னது சரி, எனக்கும் சம்மதம். சினிமாப் பாட்டு பற்றிச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் சாமி பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும்தான் அடிக்கிறோம். மெட்டு அவர்களுடையது, அடி எங்களுடையது. அதே பாட்டை மலேசியாவில் ஒரு குழு அடித்துக் கேள், இங்கே கேள், வேறு வேறாக இருக்கும். சொந்த மெட்டு இருந்தால்தான் உள்ளூர் என்றால் தைப்பூசத்தில் தெருவில் கேட்கிறதை எந்தக் கணக்கில் வைப்பாய்?

---

பழைய_அறிவிப்பாளர் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் நியாயம், இதைத் தங்கச்சி தன் காதை வைத்து முடிவு செய்யட்டும். நான் அனுமதி விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் கல்லூரி நிர்வாகம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

மேடையில் வாசித்தவர் சம்மதம் ஒன்று, பாட்டை எழுதி மெட்டுப் போட்டவர் உரிமை இன்னொன்று. இரண்டாவதை இங்கே காம்பஸ் கவனிக்கிறது, பாட்டு எழுதுகிறவர்கள், மெட்டமைப்பவர்களின் உரிமைக்காக 1987ல் அமைந்த சங்கம், வெளிநாட்டுச் சங்கங்களின் பாட்டுகளும் அவர்கள் வழியாகத்தான் வரும். உன் கல்லூரி ஏற்கெனவே அவர்களிடம் உரிமம் வாங்கியிருக்கலாம், அதில் இணைய ஒலிபரப்பு அடங்குமா என்று அலுவலகத்தில் கேள். நேரலையாக ஓடவிடுவது வேறு, அதையே பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கிற மாதிரி தளத்தில் ஏற்றி வைப்பது வேறு, இரண்டாவதற்குத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். சினிமாப் பாட்டு உள்ள பகுதியை நேரலையோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

பாஸ் தம்பி மாதிரி சொந்தப் பாட்டுக்காரர்கள் "எங்க பாட்டுதான், போட்டுக்கோங்க" என்பார்கள். அவர்களில் யாராவது காம்பஸ் உறுப்பினர் என்றால் பொது ஒலிபரப்பு உரிமையை ஏற்கெனவே சங்கத்திடம் ஒப்படைத்திருப்பார்கள், ஆகவே அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

---

நிலா_மைக் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியே அச்செடுத்துக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன்.

சினிமாப் பாட்டு விஷயத்தில் நாங்கள் பேசி எடுத்த முடிவு: சொந்தப் பாட்டு இருக்கிற குழு என்றால் அதைத்தான் முழுசாகப் போடுவோம். உறுமி, நாதஸ்வரம், கர்நாடக இசைக்கு அந்தக் கேள்வியே கிடையாது, அவர்கள் எதை வாசிக்கிறார்களோ அது. மேடையில் சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்களையும் தள்ளிவிட மாட்டோம், ஆனால் அசலை அப்படியே ஒப்பிக்காமல் ஏதாவது செய்திருந்தால்தான். விமர்சனத்துக்குப் பாஸ் அண்ணன் சொன்ன விதியையே சுவரில் ஒட்டியிருக்கிறோம். குழுவில் இருக்கும் ஒரு தோழிக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, அவளுடைய பாட்டு டீச்சரே அடுத்த மாதம் கச்சேரி செய்கிறார், அதற்கு வேறு ஒருவரை அனுப்புகிறோம்.

இன்னும் ஒரு சந்தேகம். எங்கள் படிப்பு மூன்று வருடம்தான். நாங்கள் போன பிறகு இந்தப் பதிவுகள் என்ன ஆகும்? இப்போதே நிலையத்து அலமாரியில் யாருடையது என்று தெரியாத குறுந்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, மேலே தேதிகூட இல்லை.

---

கேபிள்_சுத்துறவர் எழுதியது:

சுருக்கப்படாத மூல வேவ் கோப்பை அழிக்காதே, எம்பி3 ஆக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோப்பின் பெயரிலேயே தேதி, இடம், குழு, இந்த வரிசையில் எழுது. ஒவ்வொரு இரவுக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, அதில் வாசித்த எல்லார் பெயரும், பாட்டு வரிசையும், யார் சம்மதம் கொடுத்தார்கள் என்பதும். இரண்டு வன்தட்டில் வை, ஒன்று நிலையத்தில், ஒன்று பொறுப்பாசிரியரிடம். ஒவ்வொரு குழுவுக்கும் அவர்களுடைய பதிவை அந்த வாரமே அனுப்பிவிடு, அது மூன்றாவது பிரதி. தேசிய நூலக வாரியம் சிங்கப்பூர் இசையை மியூசிக்எஸ்ஜி என்று திரட்டி வைத்திருக்கிறது, ஒரு வருடப் பதிவு ஒழுங்காகச் சேர்ந்த பிறகு அவர்களிடம் பேசிப் பார்.

அந்தப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதே. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேள், குரலை வைத்து யாராவது அடையாளம் சொல்வார்கள். இங்கேயே துண்டு துண்டாகப் போடு, எங்களில் யாருக்காவது தெரியும்.

---

உறுமி_தோழன் எழுதியது:

தங்கச்சி, ஞாயிறு மத்தியானம் எங்களுக்கு ஒத்திகை. அடுக்குமாடி வீட்டுப் புளோக் பக்கம் அடித்தால் புகார் வந்துவிடும், அதனால் தொழிற்பேட்டையில் ஓர் இடம் வைத்திருக்கிறோம், முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். காதுக்குப் பஞ்சு எடுத்து வா, மைக்குக்குக் காற்றுத் தடுப்பும் வேண்டும், அங்கே பெரிய மின்விசிறி ஓடும். பதினான்கு பேர் இருப்போம், பெயர் எழுத நேரம் வைத்துக்கொண்டு கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடு.